செவ்வாய்க்கிழமை, ஆட்டமில்லை

பேருந்து நான்கு பத்துக்குத்தான்.
ஊரில் ஒரு தேவாலயம்,
ஏழு மதுக்கடை (இரண்டு மூடியாயிற்று),
எல்லாக் கூரைக்கும் மேலே
எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற
நான்கு விளக்குக் கம்பங்கள்.
அவற்றை நோக்கி நடந்தேன்.

பெரிய வாசல்களில் பூட்டு.
பக்கக் கதவில் மட்டும்
சங்கிலி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இருபதாயிரம் பேர் கொள்ளும் என்றது பலகை.
ஊரே மொத்தம் மூவாயிரம்.
மீதிப் பேர் கோடைகாலத்தில்
வேலியோரங்களிலிருந்து
முளைத்து வருவார்கள் போல.

படிக்கட்டு சிமெண்டில் மழை தேங்கியிருந்தது.
நனைந்த சிப்ஸ் உறை, ஒற்றைக் கையுறை,
ஸ்கோர் பலகையில்
யாரும் கழற்றாத ஞாயிற்றுக்கிழமை:
2-11, 1-14.
வலைக்குள் போனால் மூன்று,
குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று.
விரல்விட்டுக் கூட்டினேன்.
பதினேழு, பதினேழு.
ஜெயிக்காத தோற்காத ஒரு மாலை
இன்னும் அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே வலை, மேலே வானம்.
வானத்துக்குத்தான் விலை குறைவு
இந்த ஆட்டத்தில்.

"வழி தவறிவிட்டதா?"
கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு
ஒரு பெண்.
"பேருந்துக்கு நேரமிருக்கிறது."
"இங்கே ரெண்டும் ஒன்றுதான்" என்றாள்.

அட்ராக்டா.
காலையில் பள்ளிப் பேருந்து, மதியம் புல்.
இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாதாம்.
ஞாயிறு கோல் போட்டவன்
இன்று காலை அவள் சமையலறைக் குழாயை
மல்லாந்து படுத்துச் சரிசெய்தான்.
"கோலுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்,
குழாய்க்குப் பேரம் பேசினேன்."

ரயில்பாதைப் பக்கத்துக் கோலுக்கு முன்னால்
அவ்வளவு பச்சைக்கு நடுவே
ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பழுப்பு.
"நாயா?" என்றேன்.
"மலக்கி" என்றாள்.

மலக்கி ஹெஸ்லின்.
பதினான்கு வருடம் கடைசிக் காவல்.
நடுக்கோட்டைத் தாண்டியதே இல்லை.
நான் போய்விட்டால்
பின்னால் யார் பார்ப்பது என்பானாம்.
வெள்ளைக் கொடியோ பச்சைக் கொடியோ
அவன் காலுக்காக
ஒருமுறையும் எழுந்ததில்லை.
போன நவம்பரில் அவன் மனைவி டிம்ப்னா
ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து
எதிரணியின் கோலடியில்
அவனைக் கொட்டிவிட்டுப் போனாள்.

"பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுமே?"

"மாறும். டிம்ப்னாவுக்கும் தெரியும்.
அரை ஆட்டமாவது
முன்னால் நிற்கட்டும் என்றாள்.
மிச்ச அரை
அவனுக்குப் பழகின வேலைதானே."

சாம்பல் புல்லைக் கொல்லும்.
கமிட்டி தடை போட்டிருக்கிறது,
எழுதியும் மாட்டியிருக்கிறது.
பக்கக் கதவைப் பூட்டுவது அட்ராக்டாவின் பொறுப்பு.
"திங்கள் ராத்திரிகளில் மட்டும்
எனக்குக் கொஞ்சம் மறதி."

நேற்று திங்கள் என்பது
அப்போதுதான் உறைத்தது எனக்கு.
அவள் கண் ஏற்கெனவே
மூலைக் கொடியருகே
எதையோ தேடிக்கொண்டிருந்தது.

பிறகு வண்டியைத் தள்ளினாள்.
ஈரப் புல்லில் வெள்ளை நீண்டது.
பழுப்பின் விளிம்பில் சக்கரம் தயங்க,
"தள்ளிக்கோ, மலக்கி" என்றாள்,
சமையலறையில் குறுக்கே நிற்கிறவரிடம்
சொல்வது போல.
கோடு அவன் மேலேயே போயிற்று,
வளையாமல்.

நான்கு பத்துப் பேருந்து
நான்கு இருபத்திரண்டுக்கு வந்தது.
ஓட்டுநர் ஞாயிறு ஆட்டத்தின் நடுவரைத்
திட்டிக்கொண்டே சில்லறை கொடுத்தார்.
உட்கார்ந்த பிறகு பார்த்தேன்,
இடது ஷூ நுனியில்
சாம்பலும் வெள்ளையுமாய் ஒரு தடம்.

சுண்ணாம்பாகத்தான் இருக்கும்.
துடைக்காமல் வைத்துக்கொண்டேன்,
அடுத்த ஊர் தாண்டும் வரை.